சகலனுக்கு ஒரு கவர்னர்

உலகத்தில் எவன் உயர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். கூடப்பிறந்தவன் பெரிய ஆளானால், எங்கள் இரத்தம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சகலன் உயர்ந்தால் என்ன செய்வது? ஒரே மாமியார், ஒரே வாசல், ஒரே அளவு சீதனம். அந்த வாசலில் கால் கழுவிக்கொண்டு மாப்பிள்ளையாக உள்ளே போன இரண்டு பேரில் ஒருவன் மேலே போனால், மற்றவன் கீழே கிடக்கிறான் என்றுதானே அர்த்தம்? இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் குடியிருந்த பத்மநாதன் இந்தக் கணக்கைக் கலியாண நாள் தொட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் பாலாம்பிகை அவருடைய மனைவி. இளையவள் சிவனேஸ்வரியைக் கட்டியவர், பக்கத்தில் தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்த யோகராஜா. பத்மநாதன் கென்சிங்டனில் ஒரு ஹோட்டலில் காசாளர். யோகராஜா சொந்தமாகக் கந்தோர் வைத்திருக்கும் கணக்காளர். காசாளருக்கும் கணக்காளருக்கும் தமிழில் இரண்டொரு எழுத்துதான் வித்தியாசம். மாமியாருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகத் தெரிந்தது.

இதையாவது ஒரு மாதிரிச் சகித்துக்கொண்டிருந்தார். சகிக்க முடியாதது அந்தப் படம்.

படத்தைப் பற்றிச் சொல்வதானால் முதலில் தென் லண்டன் தமிழர் கலாசார ஒன்றியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழை வளர்ப்பதே இதன் நோக்கம் என்று அதன் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், எழுதியிருக்கிறது. அதற்காக வருடத்துக்கு ஒரு விழா எடுத்தார்கள். விழா என்றால் பிரதம விருந்தினர் வேண்டும். பிரதம விருந்தினர் என்றால் வெள்ளைக்காரராக இருக்க வேண்டும், பெயருக்கு முன்னால் ஒரு பதவியும் இருக்க வேண்டும். ஒன்றியத்தின் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார். அந்தக் கணத்தில் ஒரு படம் எடுக்கப்படும். உண்மையில் விழா, யாப்பு, தமிழ் எல்லாம் அந்தப் படத்துக்காகத்தான். முதல் வருடம் ஒரு தபால் கந்தோர் அதிபர் வந்தார். பிறகு பொலிஸ் இன்ஸ்பெக்டர், பிறகு ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, பிறகு கவுன்சிலர். தமிழ் வளர்ந்ததா என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. பிரதம விருந்தினர்கள் வளர்ந்துகொண்டே வந்தார்கள்.

போன வருட விழாவுக்குத் தலைவர் யோகராஜா மேயரைக் கொண்டுவந்துவிட்டார். கழுத்தில் பதவிச் சங்கிலி தொங்க மேயர் குனிந்து நிற்கிறார், யோகராஜா பொன்னாடை போர்த்துகிறார். அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து, தேத்தண்ணி குடிக்கிறவன் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடமாகப் பார்த்துத் தன் வீட்டு ஹோலில் மாட்டிவிட்டார்.

"மேயர் நல்ல வடிவான மனுசன், என்னப்பா?" என்றாள் பாலாம்பிகை, அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது பஸ்ஸில்.

பத்மநாதன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மேயரிலும் பெரிய ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளை, அம்மாளாச்சி எனக்குக் காட்டமாட்டாளா என்று தோர்ண்டன் ஹீத்திலிருந்து மிச்சம் வரைக்கும் மனத்துக்குள் மன்றாடிக்கொண்டு வந்தார்.

அம்மாளாச்சி காட்டினாள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வசந்த காலத்தில் அவருடைய ஹோட்டலுக்கு ஹார்லன் விட்காம் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். பனை மாதிரி உயரம், தலையில் பெரிய தொப்பி. தானியம் சேமிக்கும் கொட்டகை விற்கும் ஒரு கம்பனி, லண்டனில் பெரிய மனிதர்களைச் சந்திக்கச் சொல்லி அவரை அனுப்பியிருந்தது. பெரிய மனிதர்கள் அவரைச் சந்திக்கவில்லை. கம்பனியும் அவரை மறந்துவிட்டது போலிருந்தது. நாள் முழுக்க வரவேற்பறையில் குந்தியிருந்து, கதவு திறக்கும் போதெல்லாம் யாரோ தன்னைத் தேடி வருகிறார்கள் என்று எழும்புவார். பில்லில் கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் 'கவர்னர்' என்று எழுதுவார்.

வரவேற்பு மேசையில் நின்ற லண்டன்காரன் இதைக் கவனிக்கவே இல்லை. லண்டன் பேச்சில் 'ஐயா' என்கிற மாதிரி அவன் எல்லோரையும் 'கவ்னர்' என்றுதான் கூப்பிடுவான், பால்காரனையும் சேர்த்து. பத்மநாதனோ அந்தக் கையெழுத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"உண்மையாகவே கவர்னரா?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"நான்கு வருடம் ஒரு மாநிலத்தை ஆண்டேன். இந்த நாட்டைவிடப் பெரியது. ஆட்கள் குறைவு, பன்றிகள் அதிகம்" என்றார் கவர்னர். மாநிலத்தின் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுதிப் பயனில்லை, ஒன்றியத்தின் செயற்குழு பிறகு அட்லசில் தேடியும் அகப்படவில்லை.

பத்மநாதன் விழாவைப் பற்றிச் சொன்னார்.

"மேடை இருக்கிறதா?" என்று கேட்டார் கவர்னர்.

"இருக்கிறது."

"ஒலிவாங்கி?"

"இருக்கிறது."

"கூட்டம் வருமா?"

"சாப்பாடு இருக்கிறது. கட்டாயம் வரும்."

"வருகிறேன்" என்றார் கவர்னர். எந்த நாள் என்று அவர் கேட்கவே இல்லை.

செயற்குழு, ஒன்றியத் தலைவர் யோகராஜாவின் வீட்டில் கூடியது. அதாவது அந்தப் படத்துக்குக் கீழே. பத்மநாதன் செய்தியைச் சொன்னதும் ஒன்றியத்தின் புரவலரான போசகர் கிருஷ்ணமூர்த்தி கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். இப்போதும் கோட்டுப் போடாமல் குளிக்கப் போகமாட்டார் என்று சொல்வார்கள்.

"கவர்னரோ! ஐசே, கவர்னர் எண்டால் ஆர் தெரியுமோ? வெள்ளைக்காரன்ர காலத்தில கவர்னர் வாறார் எண்டால் றோட்டுக்குத் தண்ணி தெளிச்சு, மாவிலை கட்டி, பதினேழு துவக்கு வெடி வைக்கிறவை. மேயர் என்ன மேயர்? மேயர் குப்பை அள்ளுவிக்கிற ஆள்!"

யோகராஜாவின் முகம் சுண்டிப்போனது. சிவனேஸ்வரி வடைத் தட்டைத் தன் கணவனுக்கு முன்னால் மெதுவாகத் தள்ளி வைத்தாள். பத்மநாதனுக்கு உள்ளுக்குள் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. அந்த வீட்டில் அவர் தின்ற வடைகளில் ருசியானது அன்றைக்குத் தின்றதுதான்.

ஆனால் யோகராஜா இலேசுப்பட்ட ஆளில்லை. சிரித்துக்கொண்டே, "அண்ணை, அவர் இப்ப கவர்னரோ, முந்திக் கவர்னரோ?" என்று கேட்டார்.

"முந்தி" என்றார் பத்மநாதன்.

"அப்ப நோட்டீசில 'முன்னாள்' எண்டு போட வேணும். கவர்னர் எண்ட எழுத்தின்ர அளவிலயே போட வேணும். நாளைக்கு ஆரும் எங்களைப் புளுகர் எண்டு சொல்லக்கூடாது பாருங்கோ."

இதைப் பற்றி மட்டும் பொழுது சாயும்வரை பேசினார்கள். கடைசியில் போசகர் மேசையில் தட்டினார். "நானும் முன்னாள்தான் ஐசே! என்னை ஆரும் முன்னாள் கிருஷ்ணமூர்த்தி எண்டு கூப்பிடுறவையோ?" 'முன்னாள்' என்பதை எறும்பு அளவில் போடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"சரி" என்றார் யோகராஜா. "ஆனால் பொன்னாடை போர்த்துறது தலைவர். அது யாப்பு. தலைவர் நான்."

பத்மநாதன் கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். அமெரிக்காவின் கவர்னரைப் பிடித்துக்கொண்டு வருவது அவர், படத்தில் நிற்பது யோகராஜாவா? அந்தப் படமும் இந்த ஹோலுக்கு வந்து மேயருக்குப் பக்கத்தில் தொங்குவதா? "அதுக்கு நான் சாகலாம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

போசகர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்றியத்தின் தலைவர் தெரிவும் விழாவிலேயே நடப்பது வழக்கம், சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால்தான் சனம் எழும்பிப் போகாது. ஆகவே முதலில் கவர்னரின் பேச்சு, பிறகு தெரிவு, தெரிவாகும் புதுத் தலைவர் பொன்னாடை போர்த்துவார், பிறகு சோறு.

"அப்ப நான் போட்டி போடுறன்" என்றார் பத்மநாதன்.

"நானும்தான்" என்றார் யோகராஜா. "அதோட அண்ணை, மேயரையும் திருப்பிக் கூப்பிடப் போறன். அதிவிசேட விருந்தினராய்."

செயலாளர் மரியநாயகி இளைப்பாறிய ஆசிரியை. கவர்னரின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு அவவுடையது. "பிறந்த ஊர், தேப்பன் ஆர், படிச்ச பள்ளிக்கூடம், வகிச்ச பதவி, இவ்வளவும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கோ" என்று பத்மநாதனை அனுப்பினா. பாவம் மனிதர், ஹோட்டல் வரவேற்பறையில் கவர்னருக்கு முன்னால் குந்தியிருந்து எல்லாம் கேட்டார். கவர்னர் ஒன்றையும் மறைக்கவில்லை. தகப்பன் பன்றிப் பண்ணை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. தேர்தலில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை, வாக்களிப்புக்குப் பத்து நாள் இருக்க, எதிர்த்துப் போட்டியிட்டவர் மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

"அதனால்தான் வென்றேன். என்றாலும் இறந்தவர் கடும் போட்டி கொடுத்தார்" என்றார் கவர்னர்.

மரியநாயகி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இதை வாசித்தா. "ஐயோ கடவுளே, சைவச் சாப்பாடு போடுற இடத்தில பன்றியோ?" என்று சொல்லிவிட்டு, 'கால்நடைச் செல்வம் மிக்க வேளாண் குடும்பத்திலே தோன்றி' என்று எழுதினா. பள்ளிக்கூடம், 'ஏட்டுக் கல்வியோடு நில்லாது' என்று ஆனது. செத்துப்போன எதிராளி, 'எதிர்ப்பார் எவருமின்றி வெற்றிவாகை சூடினார்' என்ற வரிக்குள் அடங்கிப்போனார். "ஆட்சியில என்ன செய்தவர்?" என்று கேட்டா.

"ஒரு பாலம் கட்டினவராம். மற்றப் பக்கத்தில றோட்டு இல்லையாம்."

'தொலைநோக்கு' என்று எழுதினா மரியநாயகி.

விழா விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. துவக்கு வெடிக்கு மண்டபக்காரர் சம்மதிக்கவில்லை. ஆகவே கவர்னர் வாசலில் கால் வைத்ததும் தவில்காரர் பதினேழு அடி அடித்தார், போசகர் பக்கத்தில் நின்று எண்ணினார். பதின்மூன்றாவது அடியில் எண்ணிக்கை தவறிவிட்டதால் முதலிலிருந்து தொடங்கினார்கள். கவர்னர் தொப்பியை நெஞ்சில் வைத்தபடி அவ்வளவு நேரமும் விறைத்து நின்றார்.

மேடையில் அவருக்கு ஒரு பக்கத்தில் மொழிபெயர்க்கப் பத்மநாதன், மறுபக்கத்தில் மேயர், அதற்கப்பால் யோகராஜா. கவர்னரின் கண் மேயரின் கழுத்தை விட்டு எடுபடவில்லை.

"அந்த ஆள் என்ன போட்டிருக்கிறார்?" என்று பத்மநாதனின் காதுக்குள் கேட்டார்.

"பதவிச் சங்கிலி."

"தங்கமா? ஒரு ஊருக்கு மேயர், அவருக்குத் தங்கச் சங்கிலியா? நான் ஒரு மாநிலத்தையே ஆண்டேன். போகும்போது ஒரு பேனை தந்தார்கள். அதுவும் எழுதவில்லை."

பத்மநாதன் திடுக்கிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த எரிச்சலை அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

கவர்னர் பேச எழும்பினார். மரியநாயகி வாசித்த வரலாற்றை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார், அதில் தன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நண்பர்களே, என் வாழ்க்கையை நானே சொல்கிறேன். நான் பன்றி வளர்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். பிறகு ட்வைட் வந்தான். அவன் எனக்கு மச்சான் முறை" என்றார். அதாவது அவர் இங்கிலீசில் 'பிரதர் இன் லோ' என்றார், பத்மநாதன் அதை மச்சான் என்றார். "கலியாணமாகி ஆறு மாதத்தில் ட்வைட் ஊர்ப் பொலிசுக்குத் தலைவன் ஆகிவிட்டான். அந்த வருடம் கிறிஸ்மஸ் விருந்தில் மாமியார் வான்கோழியின் தொடையை அவனுக்கு வைத்தார். எனக்குக் கழுத்து."

சனம் ஒன்றும் விளங்காமல் முழித்தது. மச்சானுக்குத் தொடை வைத்தால் இவருக்கு என்ன வந்தது? முன்வரிசையிலிருந்து போசகர் குரல் கொடுத்தார். "ஐசே, என்ன மச்சான்? பெண்சாதியின்ர தமையனோ?"

பத்மநாதன் கவர்னரிடம் கேட்டார்.

"இல்லையில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன்."

பத்மநாதன் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் யோகராஜா இருந்தார். அந்தச் சொல்லை அவருக்கு முன்னால், ஒலிவாங்கியில் சொல்வதா?

"சகலன் எண்டு சொல்லுங்கோவன்!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து கத்தினாள் பாலாம்பிகை.

மண்டபம் 'ஆ' என்றது. எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார் கவர்னர். பத்மநாதன் விளக்கினார். கவர்னர் அந்தச் சொல்லை நாக்கில் புரட்டிப் பார்த்தார். "ச-க-லன். சகலன்! எங்களிடம் இதற்கு ஒரு சொல் இல்லை. இத்தனை வருடமாக இந்த வருத்தத்தோடு திரிகிறேன், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ட்வைட்டுக்கு மேலே போக வேண்டும் என்றுதான் அரசியலுக்கு வந்தாராம். பாலத்தைக் கட்டியது ட்வைட்டின் வீட்டு வாசலுக்கு நேரே தன் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகவாம். "றோட்டு எனக்கு எதற்கு? பெயர்ப்பலகைதான் தேவை" என்றார். வரவுசெலவுத் திட்டம், வரி, சட்டங்களை மறுக்கும் 'வீட்டோ' அதிகாரம் எல்லாம் அப்படித்தான். கையெழுத்துப் போடும் போதெல்லாம், ட்வைட் நாளைக்குப் பேப்பரில் இதைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டாராம். "மக்கள் சேவை என்று சொல்வார்கள். எனக்கு மக்களில் ஒருவனைத்தான் தெரியும்."

ஒன்றியத்தின் வரலாற்றில் அப்படிக் கைதட்டல் எழுந்ததே இல்லை. கைதட்டிய ஒவ்வொருவரும் கூட்டத்தில் யாரையோ தேடினார்.

பிறகு தலைவர் தெரிவு நடந்தது. பத்மநாதனுக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள், எண்ணினார்கள். யோகராஜாவுக்கு எண்ணினார்கள். இரண்டும் சமம். திருப்பி எண்ணியும் சமம். பின்னால் சமையலறையிலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. சனம் பொறுமை இழந்தது.

"போசகர் தன்ர வாக்கைப் போடலாம்" என்றா மரியநாயகி.

போசகருக்குப் பத்மநாதன் வீட்டிலும் சாப்பாடு உண்டு, யோகராஜா வீட்டிலும் சாப்பாடு உண்டு. "அது முறையில்லை. ரெண்டு பேரில ஒராள் விட்டுக்குடுங்கோவன்" என்றார்.

பத்மநாதன் யோகராஜாவைப் பார்த்தார். யோகராஜா பத்மநாதனைப் பார்த்தார்.

"நான் விட்டுக்குடுக்க ஆயத்தம்" என்றார் பத்மநாதன். "ஆனால் அவருக்கில்லை."

"நானும் விலகிறன் அண்ணை. ஆருக்கெண்டாலும் குடுங்கோ. உங்களுக்கு மட்டும் ஏலாது."

"அப்ப ஆருக்கு ஐசே?" என்று கத்தினார் போசகர்.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கவர்னரைக் காட்டின. பத்மநாதன் பிரேரித்தார், யோகராஜா ஆமோதித்தார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மரியநாயகி யாப்பைப் புரட்டினா. "தலைவராய் வாறவருக்குத் தமிழ் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு கிடக்குது."

பத்மநாதன் கவர்னரின் காதில் சொன்னார். கவர்னர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, தெளிவாக, "சகலன்" என்றார்.

"உச்சரிப்புத் திறம்" என்றார் போசகர். தெரிவு ஏகமனதாக முடிந்தது.

கவர்னரின் கண்ணில் நீர் வழிந்தது. "உயிரோடு இருக்கும் இரண்டு பேரை ஒரே நாளில் வென்றுவிட்டேன்" என்று தழுதழுத்தார்.

இனிப் பொன்னாடை. பிரதம விருந்தினருக்குத் தலைவர் போர்த்த வேண்டும், யாப்பை மீற முடியாது. ஆகவே தலைவர் ஹார்லன் விட்காம் பொன்னாடையை இரு கையாலும் விரித்து, பிரதம விருந்தினர் ஹார்லன் விட்காமுக்குப் போர்த்தினார். சனம் கைதட்டியது, படம் எடுத்தார்கள். அதில் வேறு ஒருவரும் இல்லை.

சோற்றுக்கு வரிசை தொடங்கியதும் கவர்னர் பத்மநாதனின் கையைப் பிடித்தார். "போன் எங்கே? ட்வைட்டுக்குச் சொல்ல வேண்டும். பிரசிடென்ட் என்று சொல்ல வேண்டும்."

வாசலில் காசு போட்டுப் பேசும் போன் ஒன்று இருந்தது. அமெரிக்காவுக்குக் காசு மழையாகக் கொட்ட வேண்டும். பத்மநாதன் பொக்கற்றைத் துழாவிப் போட்டார். அவர் போடுவதைக் கண்டு ஓடிவந்த யோகராஜாவும் தன் பங்குக்குப் போட்டார். இரண்டு பேரும் சோற்றை மறந்து போனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சகலன் வெந்து சாம்பலாகப் போகிறான், அதை அருகில் நின்று கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"ட்வைட், நான்தான்... ஓம், லண்டனிலிருந்து. என்னைப் பிரசிடென்ட் ஆக்கிவிட்டார்கள்... ஓம், ஏகமனதாக."

பிறகு கவர்னர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மலர்ந்திருந்த முகம் மெல்ல மெல்ல வாடிக்கொண்டு போனது. ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று இரண்டு சகலன்களும் ஒரே குரலில் இங்கிலீசில் கேட்டார்கள்.

"சந்தோஷப்பட்டான்" என்றார் கவர்னர். "உண்மையாகவே சந்தோஷப்பட்டான். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான். எப்போதும் இப்படித்தானாம். நான் கவர்னராக வந்த அன்றைக்கு ஆனந்தத்தில் அழுதானாம். அந்தப் பாலத்தைப் பார்க்கும் போதெல்லாம் பெருமையாக இருக்கிறதாம்."

அவர் பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனார்.

"பாவம் மனுசன்" என்றார் யோகராஜா. அவருடைய குரல் கம்மியிருந்தது. "முழு வாழ்க்கையும் வீணாப் போச்சு. உப்பிடியும் ஒரு சகலன் இருப்பானோ அண்ணை?"

பத்மநாதன் மெதுவாகக் கேட்டார். "யோகராஜா, உண்மையைச் சொல்லும். இண்டைக்கு நான் தலைவராய் வந்து, அந்தாளுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர்?"

"ஒரு கிழமை, ஏழு இரவும் நித்திரை வந்திராது அண்ணை" என்றார் யோகராஜா.

பத்மநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.